போதாது என்று சொல்ல மலையேறியவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை வண்டிக்காக நின்றிருந்தபோது எலவனாசூர்கோட்டையிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் மங்கையர்க்கரசியின் தம்பி. "அக்கா போயிட்டாங்க மேடம். எழுப்பப் போனா ஒடம்பு சில்லுனு இருக்குது" என்றார். நான் ஏறவேண்டிய வண்டி வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயும் விட்டது. எதிர்த்திசைப் பேருந்தில் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன்.

இந்த அஞ்சலிக் கூட்டத்தில், அவரோடு வேலை செய்த உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. ஓய்வு பெறும்வரை அவர் செய்தது ஒரே ஆராய்ச்சி: வைட்டமின் ஏ மனித உடம்பில் என்ன செய்கிறது, இல்லாவிட்டால் என்ன ஆகிறது. நாங்கள் இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவருக்குக் களம், எனக்கு ஆய்வகம். கல்வராயன் மலையில் அவர் எடுத்துவரும் இரத்தத்தில் அந்தச் சத்தின் அளவைப் பார்ப்பது என் வேலை. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். அதனால் குழாய்களைக் கறுப்புத் தாளில் சுற்றி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு மலை இறங்குவார். ஓட்டுநர் வேகமெடுத்தால், "மெதுவா போங்க, ஒரு ஊரே பொட்டிக்குள்ள ஒக்காந்துகினு இருக்குது" என்பார்.

பள்ளிப் பாடம் வைட்டமின் ஏ என்றால் கண் என்று சொல்லி நிறுத்திவிடும். குடலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் உள்ளே இருக்கும் மெல்லிய தோலைக் காப்பதும், தட்டம்மையும் பேதியும் வந்த குழந்தையைத் தாக்குப்பிடிக்க வைப்பதும் அதே சத்துதான் என்று அவர் போகும் இடமெல்லாம் சொன்னார். "கண்ணுதான் மொதல்ல புகார் குடுக்கும். மத்ததெல்லாம் பேசாமலே கெட்டுப்போவும்" என்பது அவர் வாக்கு.

ஒருமுறை மாதிரிகள் எடுக்கும் விதத்தைப் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். கண் தெரிகிறதா என்று அவர் யாரையும் கேட்பதில்லை. பொழுது சாய்ந்த பிறகு அடுப்படியில் பாத்திரம் தேடித் தடுமாறுகிறீர்களா என்றுதான் பெண்களிடம் கேட்பார். சின்னப்பொண்ணு என்ற இளம்பெண் தலையாட்டினாள். நான்கு மாதக் கர்ப்பம். இருட்டத் தொடங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாளாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் இருக்கும், பெற்றதும் சரியாகிவிடும் என்று மாமியார் சொல்லியிருந்தார். மசக்கையைப் போல அதையும் கர்ப்பத்தில் வருவதாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இது மாலைக்கண்ணும்மா. இதுக்கு வைத்தியம் இருக்குது" என்றார் அரசி மேடம். மங்கையர்க்கரசியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

சின்னப்பொண்ணின் கணவர் பொன்னுசாமி உடனே எங்கள் வண்டியைக் காட்டினார். "புள்ளைங்களுக்கு ஊத்துற மருந்து அதுலதான வெச்சிகினு இருக்கீங்க? இவளுக்கும் ஊத்துங்க."

"அது ஜாஸ்தி அளவுங்க. வயித்துல இருக்கிற கொழந்தைக்கு ஆவாது."

"சத்து இல்லன்றீங்க. சத்து குடுங்கன்னா கெடுதின்றீங்க. இன்னா பேச்சு இது?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. குறைந்தால் கண்ணைக் கெடுக்கும் சத்து, கர்ப்பத்தில் அளவு மீறினால் கருவின் உறுப்புகளையே கெடுக்கும். ஒரே பொருளின் இந்த இரண்டு முகங்களையும் வாசலில் நின்றபடி ஒருவருக்குப் புரியவைப்பது எளிதல்ல. அரசி மேடம் அதற்கு முயலவில்லை. "கம்மியும் கெடுதி, ஜாஸ்தியும் கெடுதி. நடுவுல ஒரு அளவு இருக்குது. அத டாக்டர் சொல்லணும், நான் சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க" என்றார். அன்றைய வேலையை அப்படியே விட்டுவிட்டு அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துவந்தோம். மருத்துவர் தினமும் எடுத்துக்கொள்ளும் சிறிய அளவு மருந்தும், சாப்பாட்டில் முருங்கைக்கீரையும் மஞ்சள் பூசணியும் சொன்னார். சில வாரங்களில் அவளுக்கு மாலைப்பொழுது திரும்பி வந்தது. பெண்குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

கீரைமீது அரசி மேடத்துக்கு இருந்த நம்பிக்கையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். எந்த மேடையில் ஏறினாலும் முருங்கையில்தான் தொடங்குவார். வேலிக்கு வேலி நிற்கும் மரத்தில் மருந்து இருக்கும்போது மலைச் சனங்கள் பாட்டிலை எதிர்பார்த்து நிற்பானேன் என்பார். அதைக் காட்டத்தான் அந்தப் பெரிய வேலையைத் தொடங்கினார். சில ஊர்களில் குழந்தைகளின் சாமைச் சோற்றோடு தினமும் கீரை கொடுத்து, முன்னும் பின்னும் இரத்தம் பார்த்தோம். அளவுகள் உயர்ந்திருந்தன. அவர் எதிர்பார்த்த உயர்வு அதில் இல்லை. என் கருவியைச் சந்தேகப்பட்டார். எடுத்துவைத்திருந்த மீதி மாதிரிகளை அவர் கண்முன்னே மறுபடி ஓட்டினேன். அதே விடைதான் வந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அறிக்கையில் 'உயர்ந்தது' என்று மட்டும் எழுதிவிடலாம், அதில் பொய் ஏதும் இல்லையே என்று ஆய்வுக்குழுக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "எழுதுறது பொய்யில்லதான். ஆனா படிக்கிறவங்க போதும்னு நெனச்சிப்பாங்க. அங்க அது பொய்யாயிடும்" என்றார் அரசி மேடம். போதாது என்றே எழுதினார். அதோடு விடாமல், அறிக்கையைப் படிக்கப்போகாதவர்களிடம் நேரில் சொல்லவேண்டும் என்று மலையேறினார்; நானும் கூடப் போனேன்.

பள்ளிக்கூட அறையில் பெண்கள் கூடியிருந்தார்கள். "இத்தன வருஷமா கீரை போதும்னு சொல்லிகினு இருந்தேன். போதாதும்மா" என்றுதான் தொடங்கினார். கீரையோடு எண்ணெய் சேரவேண்டும், வயிற்றில் பூச்சி இருந்தால் சத்து ஒட்டாது, வளரும் பிள்ளைக்கு முட்டையும் பாலும் வேண்டும், குழந்தைகளுக்கு ஊற்றும் வைட்டமின் ஏ மருந்தைத் தவறவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பின்வரிசையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த சின்னப்பொண்ணு எழுந்தாள்.

"எனக்குக் கண்ணு வந்தது நீங்க சொன்ன கீரையாலதான?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த அறையே மகிழ்ந்திருக்கும். "தெரியலம்மா. நீ மருந்தும் எடுத்த, கீரையும் தின்ன. எது கண்ண குடுத்துதுன்னு என்னால பிரிச்சி சொல்ல முடியாது" என்றார்.

யாரும் அவரைப் பாராட்டவில்லை. கோழி போடும் முட்டை சந்தைக்குத்தான் போகிறது, அதை வீட்டில் தின்றால் உப்புக்கும் மிளகாய்க்கும் எங்கே போவது என்று ஒருத்தி கேட்டாள். அடுத்த ஆண்டுகளில் அந்தக் கேள்வியைத்தான் அவர் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைக்குட்டிக்கு மட்டுமாவது முட்டையை நிறுத்திவைக்கச் சொல்லி வீடு வீடாகப் பேசினார். சில வீடுகள் கேட்டன, பல வீடுகள் கேட்கவில்லை. கேட்காத வீடுகளுக்கும் மறுபடி போனார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் தியாகதுருகத்தில் ஒரு கூட்டத்தில் பேசவேண்டியிருந்தது. முடிந்ததும் ஒரு தகப்பனார் செல்போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, இந்த வைட்டமின் ஏ மாத்திரையைக் கொடுத்தால் மகள் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். கழற்ற முடியாது, கண்ணாடி தேவைப்படுவது வேறு காரணத்தால், இதை அளவில்லாமல் கொடுத்தால் ஈரல் கெடும் என்றேன். இருவர் முகமும் வாடியது. அவர்களை ஆறுதல்படுத்த அரை உண்மை ஒன்று என் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, அவர்கள் ஏமாற்றத்தோடு நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்பி வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் அந்த நேர்மை மங்கையர்க்கரசியுடையது. எனக்கென்று அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அதுதான்.