சொன்னதைச் சொன்னபடி

ஜெர்மனியின் எசன் நகரத்துக்கு அகதியாக வந்த தமிழர்கள் ஜெர்மன் படித்ததற்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. சிலர் வேலைக்காகப் படித்தார்கள். சிலர் விசா அலுவலகத்தில் பேந்தப் பேந்த முழிக்காமல் இருப்பதற்காகப் படித்தார்கள். மன்னார்க்காரி யோசப்பின் படித்தது லோறன்சின் மூக்கை உடைப்பதற்காக. படித்ததை இரண்டரை வருடம் வெளியாள் ஒருவருக்கும் காட்டாமல் ஒளித்தும் வைத்திருந்தாள். நல்ல மனுசிதான். ஆனால் ஒரு கோபத்தை ஊறப்போட்டாளென்றால் லேசில் மூடியைத் திறக்கமாட்டாள்.

கோபத்துக்குக் காரணமானது எண்பத்துநான்கில் நடந்தது. அவர்கள் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மகள் இமெல்டாவுக்குப் பதினான்கு வயது. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது மொழிபெயர்க்க வந்தவர் லோறன்ஸ். யாழ்ப்பாணத்தவர், எல்லோருக்கும் முந்தி வந்தவர். அந்தக் கத்தோலிக்கக் கோவில் பங்கிலே இருந்த தமிழருக்கெல்லாம் வாய் அவர்தான். அவர் திறந்தால் திறக்கும், மூடினால் மூடும்.

"என்ர பிள்ளை கொன்வென்ற்றில எந்நாளும் முதலாம் பிள்ளை அண்ணை. எஞ்சினியருக்குப் படிக்க ஆசைப்படுறாள். பெரிய படிப்புக்குப் போற பள்ளிக்கூடத்தில விடச்சொல்லிக் கேளுங்கோ" என்றாள் யோசப்பின்.

லோறன்ஸ் தலையாட்டிவிட்டு ஜெர்மனில் ஏதோ சொன்னார். தலைமை ஆசிரியர் எழுதிக்கொண்டார். எல்லோரும் சிரித்த முகத்தோடு கைகொடுத்துப் பிரிந்தார்கள். அடுத்த கிழமை இமெல்டா போய் உட்கார்ந்தது ஹவுப்ட்சூலவில். பத்தாம் வகுப்போடு பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடுகிற பள்ளிக்கூடம் அது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற கிம்னாசியத்தில் லோறன்சின் மகன் அமலன் ஏற்கெனவே இருந்தான். இமெல்டாவின் வயதுதான் அவனுக்கும். "நான் எவ்வளவோ கேட்டுப் பாத்தன் தங்கச்சி. இவங்கள் விடுறாங்கள் இல்லை" என்று லோறன்ஸ் முகத்தைத் தொங்கப்போட்டார். யோசப்பின் அவருக்கு நன்றி சொன்னாள். ஒரு முறை இல்லை, பலமுறை. நத்தார் பண்டிகைக்குப் பலகாரம் செய்து கட்டிக்கொண்டு போயும் கொடுத்தாள். பிற்பாடு எதை மறந்தாலும் அந்தப் பலகாரத்தை அவளால் மறக்க ஏலவில்லை.

இமெல்டா முட்டிமோதிப் படித்தாள். எண்பத்தாறில் பத்தாம் வகுப்பில் அவள் எடுத்த புள்ளிகளைப் பார்த்து கிம்னாசியம் கதவைத் திறந்தது. பழைய பள்ளிக்கூடத்துக் கோப்பைப் புதிய இடத்தில் கொடுக்கச் சொல்லி அவளுடைய கையிலேயே தந்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்துப் புரட்டியவள், ஒரு தாளை எடுத்துச் சிரித்துச் சிரித்து வாசித்துக் காட்டினாள். 'தாயின் விருப்பம்: பெண் பிள்ளைக்கு மேற்படிப்புத் தேவையில்லை. விரைவில் தையல் வேலைக்குப் போனால் போதும்.' கீழே மொழிபெயர்ப்பாளர் என்று லோறன்சின் கையெழுத்து.

யோசப்பின் சிரிக்கவில்லை. அந்தத் தாளைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். கணவர் அந்தோனிப்பிள்ளை ஹோட்டல் குசினியில் வேலை செய்பவர், ஒருவரோடும் சண்டைக்குப் போகாதவர். "விடும், பிள்ளை எப்பிடியோ ஏறிவந்திட்டாள்தானே" என்றார். "பிள்ளை ஏறிவந்திட்டாள். அவன் இறங்கேல்லையே" என்றாள் இவள்.

அன்றைக்குத் தொடங்கியது படிப்பு. அவள் துப்புரவு வேலை செய்த பல் வைத்தியரின் இடத்தில் கிடந்த சஞ்சிகைகளைப் படித்தாள். மகளின் பழைய புத்தகங்களைப் படித்தாள். வானொலியில் காலநிலை சொல்பவனோடு சேர்ந்து தானும் சொன்னாள். கோவிலில் லோறன்ஸ் மொழிபெயர்த்தால் ஒன்றும் அறியாதவள் போலத் தலையாட்டுவாள். அவர் எத்தனை இடத்தில் கூட்டுகிறார், எத்தனை இடத்தில் குறைக்கிறார் என்பதெல்லாம் அவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் விளங்கிக்கொண்டே வந்தது.

எண்பத்தெட்டுக் கடைசியில் காலம் கனிந்தது. இமெல்டாவும் அமலனும் பதின்மூன்றாம் வகுப்பு, கடைசி வருடம். அகதி வழக்கு முடியாத குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் படிப்பு உதவி கிடைக்கவில்லை. அதனால் பங்கின் உதவிக்குழு ஒரு பிள்ளைக்கு, ஒரேயொரு பிள்ளைக்கு, ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்து முடிக்கும்வரை விடுதி அறையும் செலவும் தருவதாக அறிவித்தது. இரண்டு வீட்டிலிருந்தும் விண்ணப்பம் போனது. இது இல்லையென்றால் இமெல்டாவுக்கு ஆஹெனும் இல்லை, எஞ்சினியரும் இல்லை. தாயோடு சேர்ந்து பல் வைத்தியரின் தரையைத் துடைக்க வேண்டியதுதான்.

குழுவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. முந்தின வருடம் உதவி பெற்ற பிள்ளையைப் பாதிப் படிப்பில் கலியாணம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஆகவே இந்த முறை பெற்றோரைத் தனியே கூப்பிட்டு மனம் அறிய வேண்டும் என்றார்கள். பிள்ளை உள்ளே வரக்கூடாது. எங்கள் ஆட்களின் வீடுகளில் எந்த அலுவலகத்துக்கும் பிள்ளைகள்தான் தாய் தகப்பனுக்கு வாய். அதை அடைத்துவிட்டால் மிச்சம் யார்? லோறன்ஸ்தான். போட்டியில் இருக்கிற பிள்ளையின் தகப்பனே மற்றப் பிள்ளையின் பெற்றோருக்கும் மொழிபெயர்ப்பாளர். குழுவில் இருந்த பங்குச் சுவாமிக்கு அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருடமும் அப்படித்தானே நடந்தது.

"நல்லது" என்றாள் யோசப்பின். அவள் போட்ட திட்டம் இதுதான். லோறன்ஸ் மொழிபெயர்ப்பார். எப்படியும் புரட்டுவார். முழுவதும் புரட்டி முடியும்வரை வாயை மூடிக்கொண்டு இருப்பது. பிறகு எழும்பி, குழுவின் முன்னால், அழகான ஜெர்மனில், அவர் எங்கெங்கே புரட்டினார் என்று வரிசையாகச் சொல்வது. கடைசியில் அந்தப் பழைய தாளை எடுத்து மேசையில் போடுவது. வேலை செய்யும்போது அவள் இதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த நாள் வந்தது, சனவரி பன்னிரண்டு. காலையிலிருந்து மழை. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, தெருவெல்லாம் கண்ணாடி. ட்ராம் நின்றுவிட்டது. புருசனும் பெண்சாதியும் சப்பாத்துக்கு மேலே கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு, வேலிகளைப் பிடித்துப் பிடித்து ஒன்றரை மணித்தியாலம் நடந்து போனார்கள். அந்தோனிப்பிள்ளை இரண்டு தரம் விழுந்தார். யோசப்பின் விழவில்லை. அவள் இருந்த வெறியில் பனிக்கட்டிதான் வழிவிட்டிருக்க வேண்டும்.

போய்ப் பார்த்தால் லோறன்ஸ் இல்லை. டுசல்டோர்ஃபில் வேலைக்குப் போனவர் ரயில் ஓடாமல் அங்கேயே அகப்பட்டுப் போனாராம். வாசலில் அவருடைய மனைவி சிசிலி மட்டும் நனைந்துபோய் நின்றாள்.

யோசப்பினுக்கு அழுகை வந்தது. இரண்டரை வருடத் தவம் ஒரு மழையில் போயிற்று. வானத்தை நிமிர்ந்து பார்த்து வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

உள்ளே மூன்று பேர்: சுவாமி, ஒரு வங்கிக்காரர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். பட்டியல் மூன்று நாளில் ஆஹெனுக்குப் போக வேண்டும், வேறு நாள் கொடுக்க வழியில்லை என்று கையைப் பிசைந்தார்கள். வேறு வழியில்லாமல் யோசப்பின் தன் ஜெர்மனை எடுத்து வெளியே விட்டாள். சுவாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மகள் என்ன படிக்க விரும்புகிறாள், படித்து முடிக்கும்வரை கலியாணப் பேச்சை எடுக்கப்போவதில்லை, எல்லாவற்றையும் தட்டுத்தடங்கலின்றிச் சொன்னாள். அந்தோனிப்பிள்ளை பக்கத்திலிருந்து "யா, யா" என்றார். நன்றாகத்தான் நடந்தது. ஆனாலும் உண்ட சோற்றில் உப்பில்லாதது போல் இருந்தது அவளுக்கு.

அடுத்தது சிசிலியின் முறை. அவளுக்கு ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் புருசன். தலைமையாசிரியை தயங்கித் தயங்கி யோசப்பினைப் பார்த்தார். போட்டிக்காரியிடம் கேட்பது முறையில்லைதான், ஆனால்... சிசிலி குறுக்கே விழுந்து, "யோசப்பின் அக்கா சொல்லட்டும். எனக்குச் சம்மதம் எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

அந்தோனிப்பிள்ளை எழும்பி வாசலுக்குப் போனார். லோறன்சின் மகன் இப்போது அவளுடைய நாக்கில் இருந்தான். சிசிலி எதையும் சொல்லட்டும், தான் என்ன சொல்லப்போகிறாள் என்பது அவளுக்குத் தெரியும். 'மேற்படிப்புத் தேவையில்லை. விரைவில் வேலைக்குப் போனால் போதும்.' சொல்லப் போகிறாள்தான். மனச்சாட்சி என்ற ஒன்று அந்த நேரம் அந்தப் பக்கத்தில் தலைகாட்டவே இல்லை.

"உங்கள் மகனைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் தலைமையாசிரியை.

சிசிலி ஈரக் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். "அவனுக்குப் படிக்க ஏலாது அக்கா. சோதினை எண்டால் சத்தி எடுக்கிறான். ரெண்டு மாசமாச் சாப்பாடு இல்லை. கார் திருத்துற பட்டறையில வேலை பழகுற அவுஸ்பில்டுங் செய்யத்தான் ஆசை. அங்க ஆள் எடுக்கிறதெண்டும் சொல்லிப்போட்டாங்கள். தகப்பனுக்குத்தான் எஞ்சினியர் வேணும். அந்த இடத்தை உங்கட பிள்ளைக்கே குடுக்கச் சொல்லுங்கோ."

 யோசப்பின் புரட்டிச் சொல்ல வைத்திருந்ததை இந்த மனுசி தானாகவே எடுத்து நீட்டுகிறாள்.

"சிசிலி, என்ன சொல்லுறீர் எண்டு தெரியுதோ? நான் சொன்னால் சொன்னதுதான். பிறகு மாத்த ஏலாது."

"அதுக்குத்தான் அக்கா வந்தனான். அவர் பக்கத்தில இருந்தா நான் என்ன சொன்னாலும் அவர் சொல்லுறதுதானே இவைக்குப் போகும். நான் சொன்னனான் எண்டு மட்டும் அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா..." அதற்குமேல் அவள் சொல்லவில்லை. சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து, கன்றியிருந்த இடத்தை மூடிக்கொண்டாள். யோசப்பின் அதைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி ஜெர்மனில் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வாழ்க்கையில் அவளுக்கு அவ்வளவு கஷ்டமான வேலை வேறு வந்ததில்லை. திரும்பி வரும் வழியில் அந்தோனிப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். "பொய் சொல்ல எண்டு போன என்னை உண்மை சொல்ல வைச்சிட்டாளே பாவி" என்று பல்லைக் கடித்தாள்.

மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. இடம் இமெல்டாவுக்கு. லோறன்ஸ் வீட்டுக்குப் போன கடிதத்தில் 'தாயார் தெரிவித்த விருப்பத்துக்கிணங்க' என்று ஒரு வரி இருந்தது. ஜெர்மன்காரருக்கு எதையும் எழுதிவைத்தால்தான் நித்திரை வரும்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் எல்லோரும் தேநீரோடு நின்றபோது லோறன்ஸ் வந்தார். கையில் அந்தக் கடிதம். பின்னால் சிசிலி. முகத்தில் இரத்தமே இல்லை.

"பொம்பிளையோ நீ?" என்று கத்தினார். "என்ர மனுசி பிள்ளை படிக்க வேணும் எண்டு கெஞ்சியிருக்கிறாள். நீ அங்க என்ன சொன்னனி? உண்மையைச் சொல்லு. மாத்தித்தானே சொன்னனி?"

 இமெல்டா தாயின் பக்கத்தில்தான் நின்றாள். 'இல்லை, உங்கட மனுசி சொன்னதைத்தான் சொன்னன்' என்று ஒரு வரி சொன்னால் போதும். யோசப்பின் பழியிலிருந்து வெளியே வந்துவிடுவாள், சிசிலி அதற்குள்ளே போய்விடுவாள்.

யோசப்பின் தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தாள்.

"ஓம். மாத்தித்தான் சொன்னனான்" என்றாள். "எண்பத்துநாலில நீங்கள் என்ர பிள்ளைக்குச் சொன்னதை அப்பிடியே உங்கட பிள்ளைக்குச் சொன்னன். அந்தத் தாள் என்ர கைப்பையில கிடக்குது. இப்பவே சுவாமியிட்டப் போவமோ? வாங்கோ, நானும் வாறன். ரெண்டு பேரும் மாத்தினதைச் சொல்லுவம்."

லோறன்சின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. பங்குக்கே வாயாக இருந்த மனுசன் எல்லோருக்கும் முன்னால் வாயில்லாமல் நின்றதை யோசப்பின் ஆசைதீரப் பார்த்தாள். கண்ணை எடுக்கவே மனமில்லை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவளுக்கு முன்னே பின்னே தெரியாது.

இமெல்டா தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, உண்மையாவோ?"

சிசிலி இரண்டடி தள்ளி நின்றாள்.

"ஓம்" என்றாள் யோசப்பின்.

இமெல்டா கையை விட்டாள். கோட்டை எடுத்துக்கொண்டு, பொத்தான் பூட்டாமலே பனிக்குள் இறங்கிப் போனாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அந்தோனிப்பிள்ளை வாயைத் திறந்தார். "பிள்ளைக்காவது உண்மையைச் சொல்லும்."

"இப்ப சொன்னால் அவள் அமலனுக்குச் சொல்லுவாள். ரெண்டும் ஒரே வகுப்பு. அவன்ர வாயில ஒண்டும் நிக்காது. அவன் முதலில பட்டறையில போய்ச் சேரட்டும். இவள் ஐப்பசியில ஆஹெனுக்கு வெளிக்கிடேக்க சொல்லுறன்."

"அதுவரைக்கும் பெத்த தாயைப் பொய்க்காரி எண்டெல்லோ நினைக்கப் போறாள்."

யோசப்பின் நின்றாள். மகள் போன சப்பாத்துத் தடங்கள் முன்னால் தனியாகப் போய்க்கொண்டிருந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள், குளிரால் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும்.

"பிள்ளை ஐப்பசி வருமட்டும் நினைக்கட்டும்" என்றாள். "லோறன்ஸ் சாகுமட்டும் நினைக்கட்டும்."