பெரிய கூடையில் வைத்த தூள்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் நான் உதவியாளாக இருந்தேன். தூள்கள் சூட்டில் தாமாகவே தீப்பற்றுமா என்று பார்ப்பது என் வேலை. பெரிய கம்பிவலைக் கூடையில் தூளை நிரப்பி மின்சார அடுப்புக்குள் வைப்பேன். அடுப்புக்கு ஒரு தெர்மாமீட்டர், தூளுக்குள் ஒன்று. தூளின் சூடு அடுப்பின் சூட்டைத் தாண்டிவிட்டால் ஆபத்து.

ஒரு நாள் புதிதாக வந்த கரித்தூள் தாண்டியது. புகைந்து, நடுவில் சிவந்தும் போயிற்று. ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன். அவருக்கோ சரக்கைக் கப்பலில் ஏற்றும் அவசரம். "சின்னக் கூடையிலே வச்சுப் பாரு" என்றார். கொஞ்சம் தூள் என்றால் சூடு உள்ளே தங்காது. அது பற்றாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பற்றவில்லை. அதையே எழுதச் சொன்னார், எழுதினேன். பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு நாக்கு எழாது.

மறுநாள் உலர்த்தும் அறையில் அந்தத் தூளைக் குவித்தார்கள். அங்கே வேலை செய்யும் பெண்கள் குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சூடு பார்ப்பது வழக்கம். அன்று கையை விட்டவள் மீனவர் குப்பத்துப் பெண்.

"இன்னாய்யா இது, உள்ள அடுப்பு மாதிரி கீது!" என்று கத்தினாள்.

மேஸ்திரி சிரித்தார். "டெஸ்ட்டு பண்ணவங்களுக்குத் தெரியாதது உன் கைக்குத் தெரிஞ்சிட்ச்சா? பெரிய எஞ்சினீரு! வேலையப் பாரு."

அவள் கேட்கவில்லை. மற்றப் பெண்களை ஒவ்வொருத்தியாக வெளியே இழுத்து விட்டாள். கடைசிப் பெண்ணைத் தள்ளும்போது குவியல் குபீரென்று பற்றிக்கொண்டது. அவளுடைய வலது கை வெந்துபோயிற்று.

அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? அவள் சுருட்டுப் பிடிப்பவள், நெருப்பு அவளுடையதுதான் என்றார். அவளை வேலையை விட்டு நீக்கப்போவதாகவும் பேச்சு. கட்டுப் போட்ட கையோடு நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணாத்தே, நான் சுருட்டு குடிப்பேன், இல்லேன்னு சொல்லல. ஆனா கேட்டாண்ட வச்சிட்டுதான் உள்ள வருவேன். நீதானே அந்தத் தூள டெஸ்ட்டு பண்ணே? வாயில இன்னா, கொழுக்கட்டையா?"

எனக்குக் கோபம் வந்தது; ஆனால் அவள்மேல் அல்ல.

இரண்டு நாள் கழித்து சர்க்கார் இன்ஸ்பெக்டர் விசாரணைக்காகப் பரிசோதனை அறைக்கு வந்தார். அதிகாரி என் எழுத்தைக் காட்டி, "இந்தத் தூள் தானாப் பத்தாது சார்" என்றார்.  நான் மீதியிருந்த தூளைப் பெரிய கூடையில் நிரப்பி, சூடேறியிருந்த அடுப்புக்குள் வைத்தேன். அதிகாரி அதட்டினார். "இருக்கட்டும், பார்ப்போம்" என்று இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் புகை வந்தது.

அவளுக்கு வேலை நிலைத்தது. அதிகாரியை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அவளிடம் ஒரு வார்த்தை வருத்தம்கூடச் சொல்லவில்லை அந்த மனிதர். அவளுடைய இரண்டு விரல்கள் மடங்காமலே போயின. அதை நினைத்தால் இன்றும் அவர்மேல் வயிறு எரிகிறது; ஆனால் அந்தப் பொய் இருந்தது என் கையெழுத்தில் என்பதால், அந்தக் கோபத்தில் பாதியை எனக்கே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.