குளத்துக்குள் ஒரு வீடு

ஆபீஸில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப்பெயர். முப்பது வருஷமாக நிலம் அளக்கிறவர். அளவு ஒரு விரல்கடை பிசகினால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஊர்க் குளத்தின் எல்லையை அந்தக் காலத்தில் அளந்தவரும் அவர்தான். பழைய வரைபடம் பூமியை ஒரு வடிவமாக வைத்துக் கணக்குப் போட்டது. புதுக் கருவி வைத்திருப்பது வேறு வடிவம். பழைய எண்ணை அப்படியே இதில் போட்டால் இடம் இருநூறு மீட்டர் தள்ளி விழும். "மாத்திக் கணக்குப் போடாம கம்ப்யூட்டர்ல ஏத்தாதீங்க சார்" என்று மேலதிகாரியிடம் தலைபாடாக அடித்துக்கொண்டார்.

மேலதிகாரியோ பல் குத்திக்கொண்டே சிரித்தார். "எண் எண்தானே? பூமி என்ன எழுந்து ஓடியா போயிடும்? பொருந்தலேன்னா மவுஸால கொஞ்சம் இழுத்து விடுங்க."

மில்லிமீட்டர் விருட்டென்று வெளியே வந்தார். இழுத்து விட இது என்ன போர்வையா? தூ!

மறுவாரம் வீட்டுக்கு வந்தால், வாசல் சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. மனைவி ஒரு நோட்டீஸை நீட்டினாள்.

"உங்க ஆபீஸ் ஆளுங்கதான் வந்தாங்க. நாம குளத்துக்குள்ள குடியிருக்கோமாம். காலி பண்ணணுமாம்."

நோட்டீஸின் அடியில், 'அளந்தவர்' என்ற இடத்தில், அவர் பெயர் இருந்தது. எண்களைத் தன் பழைய அளவுகளோடு சரிபார்த்தார். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை.