தொளதொளக் கோட்டுக்காரரும் என் லீவு ஃபாரமும்

எங்கள் கம்பெனியில் லீவு வாங்க ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தவன் நான்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. வெட்கக்கேடு.

ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏசி குழாய் செய்கிற கம்பெனி. லீவுக்குக் கையெழுத்துப் போடும் மேனேஜர் எகிப்துக்காரர், ஐம்பத்தைந்தைத் தாண்டியவர், குடும்பம் கெய்ரோவில். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நாங்களெல்லாம் ஊருக்குப் போகத் துடிப்போம். அவர் பாதிப் பேருக்கு "மாஃபி" என்று கையை விரித்துவிடுவார். அவருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பழைய புகைப்படம் இருந்தது. குள்ளமான ஆள், விரல் நுனி மட்டும் தெரிகிற தொளதொளக் கோட்டு. "யார் உஸ்தாத் இவர்?" என்று ஒருநாள் சும்மாதான் கேட்டேன்.

மனிதர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அவர்கள் ஊர்ச் சிரிப்பு நடிகராம். டிராமில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவர். முதல் படத்தில் ஹோட்டல் சர்வராக வந்து மேசையில் கரண்டிகளை வைக்க வேண்டும், அவ்வளவுதான் வேஷம். சொந்தமாகக் கோட்டு இல்லாததால், செத்துப்போன அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். கரண்டியெல்லாம் கோட்டுக் கைக்குள் புகுந்துகொண்டன. கதாநாயகன் அடக்க முடியாமல் சிரித்துவிட, டைரக்டர் அதையே படத்தில் வைத்துவிட்டார். பணம் வந்த பிறகும் தையல்காரரிடம் ஒரு சைஸ் பெரிதாகத்தான் தைக்கச் சொல்வாராம். வயதான பிறகு ஒரு படத்தில் அப்பா வேஷம், ஒரு ஜோக்கூடக் கிடையாது. சிரிக்கப் போன ஜனங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பினார்கள்.

"என் அப்பா சிரிச்சு நான் பார்த்தது இவர் படம் பார்க்கும்போது மட்டும்தான், ஹபீபி" என்றார் மேனேஜர். நான் உச்சுக்கொட்டிவிட்டு லீவு ஃபாரத்தை நீட்டினேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா! எட்டு வருஷம் இதே பிழைப்பு. ஃபாரத்தோடு போய், "உஸ்தாத், அந்தக் கரண்டி சீனை இன்னொரு தடவை சொல்லுங்க" என்பேன். அவர் எழுந்து நின்று நடித்தே காட்டுவார், நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். படங்களையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அதை நான் தொட்டதுகூட இல்லை. "படம் பார்த்தேன் உஸ்தாத், விழுந்து விழுந்து சிரிச்சேன்" என்று மட்டும் வாய் கூசாமல் புளுகுவேன். ஸ்டோரில் இருந்த மதுரைக்காரருக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். "அண்ணே, ஐஸ் வைக்கிறதுல உங்கள அடிச்சுக்க ஆளே இல்லண்ணே!" என்றார். மேனேஜரோ வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இந்த இந்தியாக்காரனுக்கு அவர்னா உயிர்" என்பார்.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை காலை. ரிசப்ஷன் டிவியில் யாரோ ஒரு கிழவரின் முகம் ஓடிக்கொண்டிருந்தது, அரபிச் செய்தி. டிரைவர்கள் நாலைந்து பேர் பேசாமல் நின்று பார்த்தார்கள். டீயும் கையுமாக அதைத் தாண்டித்தான் போனேன். மேனேஜர் அறையில் விளக்குப் போடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வருவேன்னு தெரியும். வேற யாரும் வரலன்னாலும் நீ வருவே."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாய் மட்டும் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டது. "என்ன உஸ்தாத், நம்ம கோட்டுக்காரர் எப்படி இருக்கார்? புதுப்படம் ஏதாவது வருதா?"

பிடி தளர்ந்தது. என் முகத்தைப் பார்த்தார். என் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த லீவு ஃபாரத்தைப் பார்த்தார்.

"நேத்து போயிட்டார்" என்றார்.

டிவியில் ஓடிய கிழவர் முகம் யாருடையது என்று அப்போதுதான் உறைத்தது. என் எட்டு வருஷப் புளுகும் அவருக்கு அந்த நிமிஷத்தில் விளங்கிவிட்டது, அது முகத்திலேயே தெரிந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மேசைக்குப் போய்ப் பேனாவை எடுத்துக்கொண்டு, "குடு" என்று கையை நீட்டினார். கையெழுத்துப் போட்டார். நானும், பாவி, வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம், அல் குசைஸில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில், அந்த பென் டிரைவைத் தேடி எடுத்தேன். இங்கிலீஷ் சப்டைட்டில் இருந்தது. கரண்டிகள் உள்ளே போனதும் அந்த மனிதர் கோட்டுக் கையைத் தடவிக்கொடுத்து, அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோலக் குனிந்தார். இதை மேனேஜர் ஒவ்வொரு தடவையும் செய்து காட்டியிருக்கிறார். நான் ஒரு தடவைகூடக் கவனித்துப் பார்த்ததில்லை. சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, "என்னங்க, பைத்தியம் கியித்தியம் பிடிச்சிருச்சா?" என்றாள். அழுகையாகவும் இருந்தது. இதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வெறுங்கையோடு போனேன். கண்ணாடிக்கு அடியில் புகைப்படம் இல்லை.

"உஸ்தாத்..."

அவர் நிமிரவில்லை. இழுப்பறையிலிருந்து அவரே ஒரு ஃபாரத்தை எடுத்துப் போட்டு, என் பெயரை எழுதினார். "எத்தனை நாள்?" என்றார்.

படம் பார்த்தேன், விழுந்து விழுந்து சிரித்தேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். எட்டு வருஷமாகச் சொன்ன அதே வார்த்தைகள். வேறு வார்த்தை என்னிடம் இல்லை.

"மூணு நாள்" என்றேன்.

மூன்று நாளும் வீட்டிலேயே கிடந்தேன். எதற்கு லீவு என்று மனைவி கேட்டாள். அவளிடமும் ஏதோ ஒரு பொய்யைச் சொன்னேன்.