முப்பத்தைந்தரை

போர்டு எழுதும் ஸ்கேல் அண்ணனுக்குத் தொழிலில் ஒரு பிடிவாதம் உண்டு. எழுத வேண்டியதை வாடிக்கையாளர் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராமல் தூரிகையை நனைக்க மாட்டார். அந்தத் தாள்களை வருடவாரியாகக் கட்டி அலமாரியில் அடுக்கியிருந்தார். படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. ஆனால் அவர் எழுத்தில் மயிரிழைக் கோணல் கண்டவர் கிடையாது; 'ஸ்கேல்' என்ற பட்டப்பெயர் அதனால் வந்ததுதான்.

அன்று மதியமே வீடு திரும்பிய தங்கை, கைப்பையைக் கட்டிலில் வீசினாள். வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்து நாலே மாதம்.

"என்னம்மா, பாதி நாள்ல?"

"எங்க சீனியர் கெமிஸ்ட்ரி வாத்தியார், அந்தப் பெரிய சாருக்கு, சாயங்காலத்துக்குள்ள மன்னிப்பு எழுதிக் கொடுக்கணுமாம். இல்லேன்னா வேலை நிரந்தரம் ஆகாதாம்."

"அப்படி என்ன பண்ணிட்ட?"

"எல்லாம் உன் சுவராலதாண்ணா. அதுல தப்பு இருக்குன்னு வகுப்புல சொல்லிட்டேன்."

அவருக்குச் சுரீரென்றது. பதினோரு வருடத்துக்கு முன், அவள் இப்போது வேலை பார்க்கும் பள்ளியின் ஆய்வகச் சுவரில் தனிம அட்டவணை எழுதியவர் அவர்தான். ஒன்பது நாள் வேலை.

"என் சுவர்ல தப்பா?"

"கட்டத்துல மேல இருக்கிறது அணு எண், கீழ இருக்கிறது நிறை எண்ணுன்னு விளக்கம் எழுதியிருக்க. குளோரினுக்குக் கீழ முப்பத்தஞ்சரை. நிறை எண்ணுங்கிறது அணுக்கருவுல இருக்கிற புரோட்டானையும் நியூட்ரானையும் எண்ணிக் கூட்டுறது. எண்ணுறதுல அரை எங்கேர்ந்து வரும்?"

"அப்ப அந்த அரை?"

"குளோரின்ல ரெண்டு வகை இருக்கு. ரெண்டுலயும் புரோட்டான் பதினேழுதான். நியூட்ரான் மட்டும் ஒண்ணுல பதினெட்டு, இன்னொண்ணுல இருபது. அதைத்தான் ஐசோடோப்புன்னு சொல்றோம். ஒண்ணோட நிறை எண் முப்பத்தஞ்சு, மத்ததுக்கு முப்பத்தேழு. ஏறக்குறைய நாலுல மூணு முப்பத்தஞ்சு, ஒண்ணு முப்பத்தேழு. சராசரி பார்த்தா முப்பத்தஞ்சரை வரும். அது சராசரி அணு நிறை. நிறை எண் இல்ல."

அவர் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தார்.

"உன் செருப்பு ஆறு, என்னது ஒன்பது. சராசரின்னு ஏழரை வாங்கினா ரெண்டு பேர் காலுக்கும் ஆகாது. இது தெரியாமலா அந்தப் பெரிய சார் இத்தனை வருஷம் பாடம் நடத்துறாரு?"

"முதல்ல சுவர் சரின்னாரு. புத்தகத்தை விரிச்சுக் காட்டினதும், 'படிக்காத பெயின்டர் எவனோ கிறுக்கிட்டுப் போயிட்டான்'னாரு. 'அதை என்கிட்ட தனியா சொல்லாம பிள்ளைங்க முன்னாடி எப்படிச் சொல்லலாம், மன்னிப்பு எழுது'ன்னு குதிக்கிறாரு."

அண்ணன் எழுந்தார். அலமாரியைத் திறந்து, பதினோரு வருடத்துக்கு முந்தைய கட்டை அவிழ்த்தார். தாள் கிடைத்தது. 'சராசரி அணு நிறை' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே 'நிறை எண்' என்று பெரிய சார் எழுதியிருந்தார். கீழே கையெழுத்து.

அதைப் படித்ததும் கோபம் இரண்டு மடங்கானது. பாதி தன் மேலேயே.

"வா போகலாம்," என்றார்.

தலைமை ஆசிரியையின் அறையில் பெரிய சார் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் தாளை மேசையில் வைத்தார்.

"படிக்காத பெயின்டர் நான்தாங்க. இது யாரு கிறுக்கினதுன்னு பாருங்க."

பெரிய சார் எட்டிப் பார்த்தார். "பழைய குப்பையெல்லாம் தூக்கிட்டு... இவன்தான் மேடம், இடம் பத்தாதுன்னு சுருக்கித் தரச் சொன்னான்!"

"சொன்னேன். இல்லேன்னு சொல்லல. இடம் பத்தாதுன்னு சொன்னது நான். சுருக்கச் சொன்னா அர்த்தத்தையே மாத்தித் தந்தது யாரு? எனக்கு எட்டாவது. உங்களுக்குமா எட்டாவது?"

தங்கை அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் கையை உதறினார்.

"உங்களை நம்பி எழுதினேன். பதினோரு வருஷமா பிள்ளைங்க அதை மனப்பாடம் பண்ணுதுங்க. சரியா சொன்னவ மன்னிப்புக் கேக்கணுமா?"

தலைமை ஆசிரியை தாளை இரண்டு முறை படித்தார். பிறகு தங்கையிடம், "மன்னிப்பு எதுவும் வேண்டாம்மா. நீ வகுப்புக்குப் போ," என்றார். அண்ணனிடம் திரும்பி, "இன்னைக்கே சுவரைத் திருத்திடுங்க," என்றார்.

"திருத்துறேன் மேடம். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"நான் போடுறேன்."

"நீங்க இல்ல. அவரு."

பெரிய சாரின் காது மடல் சிவந்தது. பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினார்: சராசரி அணு நிறை. அண்ணன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்தார்.

ஆய்வகத்தில், தங்கை வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஏணியில் ஏறிப் பழைய வார்த்தையை அழித்தார். எழுத்தை ஒடுக்கிப் புதியதை எழுதினார். மணி அடித்ததும் அவள் ஏணியருகே வந்தாள்.

"இடம் பத்திச்சாண்ணா?"

"பத்தி, இன்னும் ரெண்டு விரல் மிச்சம்," என்றார், சுவரை முறைத்தபடி. "அன்னைக்கே பத்தியிருக்கும்."