பந்தயக்காரர் மிதித்த பிரேக்

கொட்டாஞ்சேனையில் நான் வாடகைக் கார் ஓட்டிய காலத்தில், கப்பலில் வந்த அமெரிக்கக் கிழவர் ஒருவர் வெள்ளவத்தை பார்க்க ஏறினார். தாடையில் தழும்பு, வாலிபத்தில் பந்தயக் கார் ஓட்டியவராம். என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வழியெல்லாம் காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார்.

என் வேகம் போதவில்லையாக்கும், கப்பலை விட்டுவிடுவாரோ என்று திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினேன். "நீங்களே ஓட்டுங்க, துரை" என்று இடத்தைக் கொடுத்தேன்.

அவரோ ஊர்ந்தார். முந்திப்போன மாட்டுவண்டிக்காரன், "என்ன அண்ணே, காருக்குக் காய்ச்சலோ?" என்றான்.

துரை வேர்வையைத் துடைத்தார். "பந்தயத்தில எல்லாரும் ஒரே பக்கம்தான் போவாங்க. இங்க எல்லாரும் என்னை நோக்கி வாறாங்களே! உன் பக்கத்தில உட்கார்ந்து இவ்வளவு நேரமும் நான் மிதிச்சது, இல்லாத பிரேக்கைத்தான்."

மறுபடி நானே ஓட்டினேன், கப்பல் கிடைத்தது. "நீ வீரன்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். வீட்டில் யாரும் நம்பவில்லை. கேலியோ என்று நானும் இன்னும் யோசிக்கிறேன்.