ஒரே பெட்டிக்குள் மூன்று பேர்

பொற்கொடி அந்தப் படத்துக்குப் போனதே அனிதாவின் தொந்தரவால்தான். ஓசூரில் செல்போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் இருவருக்கும் ஒரே லைனில் வேலை, ஹாஸ்டலிலும் ஒரே அறை. கல்லாவி என்ற ஊர்க்காரியான அனிதாவுக்கு லீவு என்றால் சினிமா பார்த்தாக வேண்டும்.

"சின்னப் பசங்க கதப் புத்தகத்த படமா எடுத்திருக்காங்களாம்கா. தமிழ்லயே பேசுதாம். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதாம், வா."

வெளிநாட்டுப் படம். அப்பா அம்மாவை இழந்த மூன்று பிள்ளைகள், சவப்பெட்டி செய்து விற்கும் ஓர் அத்தையின் வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். அத்தை காலையில் எழுந்ததும் டேப்போடு வந்து மூவரையும் அளக்கிறாள். "நேத்தைக்கு இன்னைக்கு அரை இஞ்சு வளந்துட்டியேடா, பலகை பத்தாதே!" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். தமிழில் குரல் கொடுத்தவர் மதுரைப் பேச்சில் வெளுத்து வாங்கியிருந்தார். தியேட்டரே சிரித்தது, பொற்கொடியும் சிரித்தாள்.

பிறகு ஓர் அதிகாரி வந்து, பிள்ளைகளை ஆளுக்கொரு வீட்டுக்குப் பிரித்து அனுப்பப்போவதாகச் சொல்கிறார். மூவரும் ஒரே சவப்பெட்டிக்குள் நெருக்கியடித்துப் படுத்து, மூடியை இழுத்துக்கொண்டு, பிண வண்டியில் ஊரைவிட்டே தப்பிக்கிறார்கள். வழியில் கடைக்குட்டி தும்மித் தொலைக்க, வண்டிக்காரன் குதிரையை விட்டுவிட்டு ஓடுகிறான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும்போது பொற்கொடி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஐயே, இதுக்குப் போயி யாராவது அழுவாங்களாக்கா?"

"அதுக மூணும் ஒண்ணா இருக்குதுகள்ல," என்றாள் பொற்கொடி.

அவளுடைய அப்பா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூர்ப் பக்கம் பேரிகை என்ற ஊரருகே கல்குவாரி வேலைக்கு வந்தவர். நாராயணப்பன் என்ற விவசாயியின் வீட்டை ஒட்டிய அறையில் குடித்தனம். பொற்கொடி ஆறாவது படிக்கும்போது, ஓசூருக்கு பைக்கில் போன அப்பாவும் அம்மாவும் லாரி மோதி இறந்துபோனார்கள். தம்பி ஸ்ரீராம் இரண்டாம் வகுப்பில் இருந்தான். தங்கை சௌமியா அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்தாள்.

பெரியப்பா சுடலைமுத்து ஊரிலிருந்து அழுதுகொண்டே வந்தார். "மூத்தவள நான் பாத்துக்கிடுதேன்," என்றார். தாய்மாமன் கருப்பசாமி ஸ்ரீராமைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனார். நாராயணப்பனின் மனைவி வெள்ளையம்மாவுக்குப் பிள்ளை இல்லை. சௌமியா அவள் இடுப்பைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றது. "இத எங்கிட்டயே உட்டுடுங்க சாமி," என்று அவள் கும்பிட்டாள். யாருக்கும் மறுக்க மனசு வரவில்லை.

எல்லோரும் நல்லவர்கள். பெரியம்மா இருளாயி, தன் பிள்ளைகளுக்கு வைக்கும் முன்னால் பொற்கொடியின் தட்டில்தான் மீன் துண்டை வைப்பாள். அதனாலேயே பொற்கொடி, கோபித்துக்கொள்ளக்கூட ஓர் ஆள் கிடைக்காமல் வளர்ந்தாள்.

டிப்ளமோ முடித்ததும் சென்னையிலும் வேலை கிடைத்தது. அவள் ஓசூரைத்தான் கேட்டு வாங்கினாள். லீவு நாட்களில் பேரிகைக்குப் போவாள். வெள்ளையம்மா களி கிண்டிப் போட்டு, "இன்னும் கொஞ்சம் துன்னு கண்ணு," என்பாள். இப்போது காலேஜில் படிக்கும் சௌமியா, தன்னை வளர்த்த வெள்ளையம்மாவோடும் நாராயணப்பனோடும் அவர்கள் வீட்டு மொழியான தெலுங்கில் பேசுவாள். பொற்கொடியிடம் திரும்பும்போது மட்டும் தமிழ். நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரியும், யாரும் மறைக்கவில்லை. ஆனாலும் "வாங்கக்கா" என்று அவள் நாற்காலியை இழுத்துப் போடும்போது, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோலவே இருக்கும். மடியில் படுக்கவைத்துத் தலை வாரிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வரும் பொற்கொடி, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

தியேட்டர் வாசலிலேயே அவள் ஸ்ரீராமுக்குப் போன் போட்டாள்.

"லீவு போட்டுட்டு வாடா. மூணு பேரும் சேந்து ஒரு படம் பாக்கணும்."

"படம் பாக்கவா? தூத்துக்குடியிலருந்தா?"

"ஆமா."

மெக்கானிக் ஷெட்டில் லீவு கிடைத்து அவன் வந்து இறங்கியபோது படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டிருந்தார்கள். சௌமியாவும் பேரிகையிலிருந்து வந்துவிட்டாள். எங்கே போவது என்று தெரியாமல் மூவரும் ஓசூரிலேயே இருக்கும் சந்திரசூடேஸ்வரர் கோவில் மலையில் ஏறினார்கள். அங்கே ஒரு பாறை நிழலில் ஸ்ரீராம் தன் போனில் படத்தைத் தேடிப் பிடித்தான்.

வெயிலில் திரை தெரியவில்லை. பொற்கொடி துப்பட்டாவை எடுத்து மூன்று தலைகளையும் சேர்த்து மூடினாள். நடுவில் சௌமியா. ஸ்ரீராம் மேல் கிரீஸ் வாசனை, சௌமியா மேல் தேங்காய் எண்ணெய் வாசனை. டேப் அத்தை வந்ததும் ஸ்ரீராம் குலுங்கிச் சிரித்ததில் போன் கைநழுவப் பார்த்தது. பெட்டிக்குள் பிள்ளைகள் படுக்கும் இடம் வந்தபோது பொற்கொடி படத்தைப் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். சௌமியா சிரிக்கவில்லை.

"அக்கா, அம்மா எப்படிச் சிரிப்பாங்க?"

"நீதான் தெனமும் பாக்கியே. தலைய ஆட்டி ஆட்டி..." பொற்கொடி வெள்ளையம்மாவை நினைத்துச் சொன்னாள்.

"அந்த அம்மா இல்லக்கா. நம்ம அம்மா."

"சத்தமே வராது," என்றாள் பொற்கொடி. "தோள் மட்டும் குலுங்கும்."

"இல்லவே இல்ல," என்றான் ஸ்ரீராம். "அம்மா சிரிச்சா தெருவுக்கே கேக்கும்."

"நீ சின்னப் பய, ஒனக்கு என்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்க்கா. காதுக்குள்ளயே இருக்கு."

இருவரும் சண்டை போட்டார்கள். சௌமியா மாறி மாறி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, ரெண்டும் இருக்கட்டும்," என்றாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பேரிகை பஸ் முதலில் கிளம்பியது. ஜன்னலோரத்தில் சௌமியா வெள்ளையம்மாவுக்குப் போனில், "வஸ்துன்னானம்மா," வந்துகொண்டிருக்கிறேன் அம்மா என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே கையாட்டினாள். தூத்துக்குடிக்குத் திரும்ப ஸ்ரீராம் சேலம் பஸ் ஏறினான். பொற்கொடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு மூவரும் ஒன்றாகச் சேர நாள் அமையவில்லை. ஆனால் சௌமியா வாரம் தவறாமல் கூப்பிட ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் அம்மாவைப் பற்றி ஒன்று கேட்பாள். என்ன குழம்பு பிடிக்கும்? யாரோடு சண்டை போடுவாள்? பொற்கொடி சொன்னாள். சொல்லச் சொல்ல, தன்னிடம் இருப்பது எவ்வளவு கொஞ்சம் என்று அவளுக்கே தெரிந்தது. ஒருநாள் காலையில், ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பெரியம்மாவை அழைத்தாள்.

"பெரிம்மா, அம்மாவப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க. எனக்குத் தெரியாததா."

இருளாயி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அவளுக்குத் தவளைன்னா பயம்ட்டி. மழ பெஞ்சா வாசலத் தாண்ட மாட்டா. ஒங்கப்பன்தான் தூக்கிட்டுப் போவான், ஊரே பாத்துச் சிரிக்கும்."

பொற்கொடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே சௌமியாவின் எண்ணைப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. காலேஜில் வகுப்பு தொடங்கியிருக்கும். பஸ் வந்து நின்றது. பொற்கொடி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் அழைத்தாள்.